பெங்களூரில் ஒரு அச்சடித்த தபால் நிலையம்

ஹலசூரு மெட்ரோ நிலையத்திலிருந்து கேம்பிரிட்ஜ் லேஅவுட்டுக்கு ஒரு ஆட்டோக்காரர் 250 ரூபாய் கேட்டார். அதுவும் நல்ல தமிழில். "மீட்டர் போடுங்கண்ணே" என்றேன். "மீட்டர் ரிப்பேர், வர்றப்ப சவாரி கிடைக்காது" என்று அடுக்கிக்கொண்டே போனார். சென்னையிலிருந்து இங்கே வந்து சேர்ந்த ரயில் டிக்கெட்டே அவ்வளவு ஆகவில்லை! வயிறு எரிந்தது. நடந்தே போய்விட்டேன்.

பார்க்கப் போனது ஒரு தபால் நிலையத்தை. 2023 ஆகஸ்டில் மத்திய அமைச்சர் அஷ்வினி வைஷ்ணவ் திறந்து வைத்த, 3டி பிரிண்டிங் முறையில் கான்கிரீட்டை அச்சடித்துக் கட்டிய கட்டடம். 1,021 சதுர அடி. எல் அண்ட் டி கட்டியது, தொழில்நுட்ப வழிகாட்டல் நம்ம சென்னை ஐஐடி. 43 நாளில் முடித்திருக்கிறார்கள். செலவு சுமார் 23 லட்சம் என்கிறார்கள். நம்ம ஊரில் 43 நாளில் காம்பவுண்ட் சுவர்கூட முடியாது.

கிட்டே போய்ப் பார்த்தால்தான் விஷயம் புரிகிறது. சுவர் நெடுக, விரல் பருமனில் வரிவரியாகக் கோடுகள். விரலை மேலிருந்து கீழே ஓட்டினால் ஒவ்வொரு வரியும் தட்டுப்படும். முறுக்கு பிழிகிற மாதிரிதான்: பம்ப் கலவையைக் குழாயில் தள்ளுகிறது, மேலே நகரும் இயந்திரத்தின் முனை வரைபடம் சொன்ன பாதையில் பிழிந்துகொண்டே போகிறது. ஒரு சுற்று முடிந்ததும் அதன்மேல் அடுத்தது. மூலைகள் வளைவாக இருப்பதற்கும் காரணம் உண்டு. முனை வெடுக்கென்று திரும்பினால் கலவை பிய்ந்துவிடும். வளைந்து போனால் சுகமாகப் போகும்.

எல்லாரும் ரோபோவைப் பற்றியே பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் கெட்டிக்காரத்தனம் முழுக்கக் கலவையில்தான் இருக்கிறது. குழாய்க்குள் இருக்கும்வரை அது இளக்கமாக ஓட வேண்டும்; வெளியே வந்த நொடியே சரியாமல் நிற்க வேண்டும்; மேலே ஏறும் அடுக்கின் பாரத்தையும் தாங்க வேண்டும். ஆனால் ரொம்ப இறுகிவிடவும் கூடாது, அடுத்த அடுக்கு ஒட்டாமல் போய் அந்த இடம் பலவீனமாகிவிடும். வெயிலும் காற்றும் இந்தக் கணக்கைக் கெடுக்கும். பெரிய ஜல்லி போட்டால் முனை அடைத்துக்கொள்ளும் என்பதால் பொடி சமாச்சாரம்தான் அதிகம், அதனால் சிமென்ட்டும் கூடுதல். "பசுமைக் கட்டுமானம்" என்று விளம்பரம் செய்கிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

உண்மையான மிச்சம் சென்ட்ரிங்கில். சுவருக்குப் பலகை அடைக்க வேண்டாம், முட்டுக் கொடுக்க வேண்டாம், பிரிக்கவும் வேண்டாம். ஆனால் 'அச்சடித்த வீடு' என்றால் முழு வீடும் முனையிலிருந்து வந்து விழாது. பெரும்பாலும் சுவர் மட்டும்தான். கம்பி, கூரை, ஒயரிங், பைப் எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும்.

பாலமும் இப்படிக் கட்டுகிறார்கள். நெதர்லாந்தின் ஹெமெர்ட்டில் 2017-ல் 8 மீட்டர் நீளத்துக்கு ஒரு சைக்கிள் பாலம். துண்டு துண்டாக அச்சடித்து, நடுவே கம்பிவடம் கோத்து இறுக்கியிருக்கிறார்கள். அதைப் பார்க்க விசாவுக்கும் விமானத்துக்கும் யார் பணம் தருவார்கள்? அதனால்தான் பெங்களூர்.

உள்ளே சாதாரண தபால் நிலையம்தான். கவுண்டர், வரிசை, கோந்து டப்பா. சுவரைத் தடவிக்கொண்டிருந்த என்னை ஒரு பெரியவர் வினோதமாகப் பார்த்தார். ஊருக்கு ஒரு ஸ்பீட் போஸ்ட் அனுப்பினேன், சும்மா போகக் கூடாதே.

அப்புறம் ஹலசூரு பக்கம் தர்ஷினி என்கிற ஒரு சிற்றுண்டிக் கடையில் நின்றபடியே தட்டு இட்லி. மெத்து மெத்தென்று, மேலே வெண்ணெய் உருகி வழிய. இன்னொன்று வாங்கினேன். காபியும் பிரமாதம். எல்லாம் சேர்த்தே அந்த ஆட்டோக்காரர் கேட்டதில் பாதிகூட ஆகவில்லை.

போகிறவர்கள் வேலை நாளில் காலையிலேயே போங்கள். உள்ளே படம் எடுக்கிறதென்றால் கேட்டுவிட்டு எடுங்கள். வார இறுதி ஆம்னி பஸ் கட்டணத்தைப் பற்றிப் பேசினால் எனக்கு ரத்தக் கொதிப்பு வரும்; சென்னை திரும்ப, மதியம் கிளம்பும் பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் முன்கூட்டியே டிக்கெட் போட்டுவிடுங்கள்.