எண்ணெய்க்கு முன்னால் மார்ஃபின்

புற்றுநோய் வார்டில் சாப்ளினாக, அதாவது நோயாளிகளுக்கு ஜெபமும் ஆறுதலும் தரும் ஆன்மிகப் பணியாளராக, வேலைக்கு வரும் புதியவர்கள் பெரும்பாலும் வேதாகமத்தைக் கையில் பிடித்தபடி நேரே கட்டிலுக்குப் போய்விடுகிறார்கள். அதற்கு முன்னால் நர்ஸிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இவருக்குக் கடைசியாக வலி மருந்தான மார்ஃபின் எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள்? சாதாரண மார்ஃபின் மாத்திரையை 4 மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுக்க வேண்டும். வலி வரட்டும் என்று காத்திருக்காமல் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். காலை 8 மணி மாத்திரையின் பலம் 12 மணி நெருங்கும்போது இறங்கிக்கொண்டிருக்கும். 11.45-க்குப் போய் நின்று கர்த்தருடைய சித்தத்தைப் பற்றிப் பேசினால் ஒரு சொல்லும் உள்ளே போகாது. அடுத்த மாத்திரை வேலை செய்ய விட்டு, 1 மணிக்குப் போனால் அவரே பேசுவார்.

வலியின் அளவை 0 முதல் 10-க்குள் சொல்லச் சொன்னால் வயதானவர்கள் விழிப்பார்கள். "நேத்து வலி ஒரு ரூபாய்னா, இன்னைக்கு எத்தனை பைசாம்மா?" என்று கேட்டால், "முக்கால் ரூபா இருக்கும் ஐயா" என்று உடனே பதில் வரும்.

மருந்தே வேண்டாம் என்கிற விசுவாசிகளும் உண்டு. வலியை மரக்கச் செய்யத் தந்ததாகச் சொல்லப்படும், வெள்ளைப்போளம் என்ற பிசின் கலந்த திராட்சரசத்தைச் சிலுவையடியில் இயேசு வாங்கவில்லையே என்று மாற்கு 15:23-ஐக் காட்டுவார்கள். ஆனால் அதே இயேசு தம்மிடம் வந்த நோயாளி யாரையும் "இதைச் சுமந்துகொண்டே இரு" என்று திருப்பி அனுப்பியதாகச் சுவிசேஷத்தில் இல்லை. வலியைத் தணிக்க மருந்து எடுப்பது பாவமல்ல என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) 1957-லேயே மயக்க மருத்துவர்களிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார். இவ்வளவு விளக்கம் பல நேரம் தேவைப்படுவதும் இல்லை. மார்ஃபின் குடலை மந்தமாக்கும். கூடவே மலமிளக்கி தொடங்காமல் விட்டிருப்பார்கள். நான்கு நாள் மலச்சிக்கலில் தவித்தவர் மாத்திரையை ஒதுக்கிவிட்டு "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்பார். அவரிடம் இறையியல் பேசுவதற்கு முன் டாக்டரிடம் சொல்லி மலமிளக்கி எழுத வைப்பதுதான் நல்ல மேய்ப்புப் பணி.

"வலி கடவுள் தந்த கொடை" என்ற பேச்சை எடுப்பவர்கள் பால் பிராண்டை இழுப்பார்கள். கொல்லிமலையில் 1914-இல் பிறந்து, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, பிறகு தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைத்த அறுவை மருத்துவர் அவர். தொழுநோயில் விரல்கள் அழிவதற்குப் பெரிய காரணம் வலி தெரியாமல் போவதுதான், சூடும் கீறலும் உணரப்படாமல் புண்ணாகிப் புரையோடுவதால்தான் இந்தச் சேதம் என்று காட்டினார். அது உண்மை. ஆனால் அது எச்சரிக்கை மணியின் கதை. எலும்புக்குப் பரவிவிட்ட புற்றில் மணி அடித்து முடிந்து, எல்லாரும் ஓடி வந்த பிறகும் மணி நிற்கவில்லை. அந்த வலியால் உடம்புக்கு ஒரு பயனும் இல்லை. இந்த இரண்டையும் குழப்பிப் பேசும் ஆறுதல் நோயாளிக்குக் கோபத்தைத்தான் தருகிறது. அந்தக் கோபம் நியாயமானது.

"ஏன் எனக்கு?" என்று கேட்பவர் எல்லாரும் விடை கேட்கவில்லை. வேதாகமத்தில் எல்லாவற்றையும் இழந்து நோயில் கிடந்த யோபுவின் சிநேகிதர்கள் 7 நாள் தரையில் உட்கார்ந்து வாய் திறக்காமல் இருந்தவரை சரியாகத்தான் இருந்தார்கள். காரணம் சொல்ல ஆரம்பித்ததும் கெட்டது. கடைசியில் கடவுள் கோபித்துக்கொண்டது முறையிட்ட யோபுவை அல்ல, தம் சார்பில் வாதாடிய அவர்களைத்தான். பரம்பரைச் சாபம், விசுவாசக் குறைவு என்று உறவினர் யாராவது கட்டிலருகே கிளப்பும்போது, பிறவிக் குருடனைப் பற்றி யோவான் 9-இல் இயேசு சொன்னது கைகொடுக்கும்: "அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல." அழ வேண்டியவருக்கு 88-ஆம் சங்கீதத்தை வாசிக்கலாம். மற்ற புலம்பல் சங்கீதங்களைப் போல அது கடைசியில் துதிக்குத் திரும்புவதில்லை, இருட்டிலேயே முடிகிறது. அப்படி ஒரு ஜெபமும் வேதாகமத்தில் இருக்கிறது என்பதே சிலருக்குப் பெரிய விடுதலை.

அர்த்தம் வரும்போது நோயாளியின் வாயிலிருந்து வர வேண்டும். தன் துன்பத்தைப் பிறருக்காகக் கடவுளுக்குக் காணிக்கையாக்குவதைக் கத்தோலிக்கர் "ஒப்புக்கொடுத்தல்" என்பார்கள். கொலோசெயர் 1:24-ஐ அடிப்படையாக வைத்து, துன்பத்தைப் பற்றி 1984-இல் இரண்டாம் ஜான் பால் எழுதிய மடலிலும் இந்தச் சிந்தனை விரிகிறது. வார்டில் அது மிகச் சிறியதாகத்தான் தொடங்கும்: "பக்கத்துப் பெட் பையனுக்காக இன்னைக்கு வேண்டிக்கிட்டேன்." மாதக்கணக்கில் பிறர் கையை எதிர்பார்த்துக் கிடப்பவர் தானும் ஒருவருக்கு ஏதோ தருகிறார். வலி குறையவில்லை, ஆள் நிமிர்கிறார். இதையே நாம் முந்திக்கொண்டு "ஒப்புக்கொடுங்க" என்று சொன்னால் வாயை அடைப்பதாகிவிடும். வீட்டில் அடி வாங்குகிற பெண்ணிடம் "சிலுவையைச் சும" என்பது அதைவிட மோசம். நிறுத்தக்கூடிய துன்பத்தை நிறுத்தத்தான் வேண்டும்.

குருவானவர் நோயாளிக்காக ஜெபித்து எண்ணெய் பூசும் சடங்கான நோயில்பூசுதலைப் பழைய ஆட்கள் இன்னும் "அவஸ்தைப்பூசுதல்" என்கிறார்கள். சாமியாரைக் கூப்பிட்டால் நோயாளி பயந்துவிடுவார் என்று நினைவு தப்பும்வரை வீட்டார் தள்ளிப்போட அந்தப் பெயரும் ஒரு காரணம். யாக்கோபு 5:14 வியாதிப்பட்டவனைப் பற்றித்தான் பேசுகிறது, சாகப்போகிறவனைப் பற்றி அல்ல. தன் வாயால் ஆமென் சொல்ல முடிகிற நாளில் செய்வதுதான் நல்லது.

எண்ணெய் பூசுவது நெற்றியிலும் கைகளிலும். கையில் டிரிப்ஸ் ஊசி போட்டிருந்தால் பிளாஸ்திரிக்குத் தள்ளிப் பூச வேண்டும். எண்ணெய் பட்டால் ஒட்டு விட்டு ஊசி நழுவும், மறுபடி குத்துவார்கள். ஆக்ஸிஜன் ஓடும் கட்டிலருகே மெழுகுவர்த்தி கூடவே கூடாது. வாய் உலர்ந்தவருக்கு நற்கருணை அப்பத்தில் ஒரு துணுக்கும் ஒரு ஸ்பூன் தண்ணீரும் போதும். விழுங்க முடியுமா என்று நர்ஸிடம் முதலில் கேட்க வேண்டும்.

கிளம்பும்போது "மறுபடி வர்றேன்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல வேண்டாம். "வியாழக்கிழமை வர்றேன்" என்றால் புதன் ராத்திரியிலிருந்தே அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். வர முடியாது என்றால் நாள் சொல்லக் கூடாது.