நாங்கெல்லாம் எந்த ஊருங்க?

2021 மார்ச்சில் ஒரு வீடியோ காலில் நான் பையருக்கு, அதாவது எங்களுக்கு ஆர்டர் தரும் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு, சொன்ன பதிலை எங்கள் திருப்பூர் பனியன் கம்பெனியில் இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறார்கள். புதிதாகச் சேரும் பையன்களுக்கும் அது கதையாகப் போய்விடுகிறது. சொல்கிறவர்கள் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். மீதிப் பாதி எனக்கும், தைத்த பீஸைச் சரிபார்க்கும் செக்கிங்கில் இருக்கும் ஓர் அக்காவுக்கும், ஃப்ளோர் மேனேஜருக்கும்தான் தெரியும்.

அந்தப் பையர் பிரிட்டனில் இருப்பவர். நாற்பதைத் தாண்டிய பெண்மணி. பல வருடப் பழக்கம். துணி நிறத்துக்கான ஷேடு அப்ரூவல், ஷிப்மென்ட் தேதி எல்லாம் பேசி முடித்த பிறகு, "ஏப்ரலில் எனக்குக் கொரோனா தடுப்பூசி முறை வந்திருக்க வேண்டியது. தள்ளிப்போகிறது என்கிறார்கள். இந்தியாவிலிருந்து வரவேண்டியது வரவில்லையாம்" என்றார். அவர் சொன்னது உண்மைதான். ஆஸ்ட்ராஜெனெகா ஊசியை இங்கே கோவிஷீல்டு என்ற பெயரில் தயாரித்த புனே சீரம் இன்ஸ்டிட்யூட்டிலிருந்து பிரிட்டன் ஒரு கோடி டோஸ் வாங்க ஏற்பாடு செய்திருந்தது. 50 லட்சம் போய்ச் சேர்ந்தது. மீதி 50 லட்சம் நின்றுபோனது. மார்ச் 18 அன்று அவர்களுடைய சுகாதார அமைச்சர் மேட் ஹான்காக் நாடாளுமன்றத்திலேயே அதைச் சொல்லியிருந்தார்.

அவர் குரலில் குற்றச்சாட்டு இருந்ததாக எனக்கு இப்போது தோன்றவில்லை. ஒரு வருடம் வீட்டுக்குள்ளேயே கிடந்த மனுஷியின் சலிப்பு அது. அன்றைக்கு எனக்கு வேறு மாதிரிக் கேட்டது. "எங்கள் தையல்காரர்களில் ஒருவருக்குக்கூட இன்னும் முறை வரவில்லை. இங்கே தயாரிப்பது முதலில் இங்கே இருப்பவர்களுக்குப் போகட்டும் என்று எங்கள் நாடு நினைத்தால் அதில் என்ன தவறு?" என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "புரிகிறது" என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜூனியர் மூலமாக அன்று சாயங்காலமே நாங்கள் டீ குடிக்கும் பேக்கரி வரைக்கும் செய்தி போய்விட்டது. பையர் பேசுவார், நாம் கேட்டுக்கொள்வோம் என்பதுதான் இந்தத் தொழிலின் வழக்கம். டிஸ்கவுண்ட் கேட்டால் கொடுப்போம், லேட்டானால் நம் செலவில் விமானத்தில் அனுப்புவோம். 2020-ல் ஊரடங்கு வந்ததும் வெட்டித் தைத்து வைத்திருந்த ஆர்டரை எத்தனை பேர் கேன்சல் செய்தார்கள், எத்தனை பேர் பணத்தை நிறுத்தினார்கள் என்று திருப்பூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒருவன் பையரிடம் எதிர்த்துப் பேசியதைக் கொண்டாடத்தான் செய்வார்கள். எனக்கும் அன்றைக்கு நிறைவாகத்தான் இருந்தது.

அந்த வாரங்களில் அவர்கள் ஊரிலேயே நடந்துகொண்டிருந்ததைப் பார்த்தால் என் பேச்சு ஒன்றும் கடுமையானதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குத் தருவதாகச் சொன்ன அளவைத் தர முடியாது என்று ஆஸ்ட்ராஜெனெகா நிறுவனம் ஜனவரியில் கைவிரித்தது. எங்கள் ஒப்பந்தத்தில் பிரிட்டன் ஆலைகளும் சேர்த்தி, அங்கிருந்து எங்களுக்கு அனுப்பு என்றது ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸ். எங்களுக்குத் தரவேண்டியதை முதலில் கொடுத்து முடி என்றது லண்டன். ஜனவரி 29 அன்று ஐரோப்பிய ஆணையம் ஏற்றுமதிக்கு அனுமதி கட்டாயம் என்று விதி கொண்டுவந்தது. வட அயர்லாந்து வழியாக மருந்து பிரிட்டனுக்குப் போய்விடக் கூடாது என்று, அயர்லாந்து எல்லையைத் திறந்தே வைக்கும் பிரெக்ஸிட் ஏற்பாட்டை நிறுத்திவைக்க உதவும் 16-வது பிரிவையே கையில் எடுக்கப் பார்த்தது. அயர்லாந்தின் தலைநகர் டப்ளினிலிருந்தும் லண்டனிலிருந்தும் எதிர்ப்பு கிளம்பியதும் சில மணி நேரத்திலேயே பின்வாங்கிவிட்டது. எத்தனையோ உயிர்களைக் கொடுத்து அமைதியான எல்லை அது. மார்ச்சில் இத்தாலி, ஆஸ்திரேலியாவுக்குப் போகவிருந்த இரண்டரை லட்சம் டோஸை நிறுத்தியது. அதே மாதம் ரோம் நகருக்குப் பக்கத்தில் அனாக்னி என்ற ஊரில் 2.9 கோடி டோஸ் இருப்பதைக் கண்டுபிடித்து, பிரிட்டனுக்காகப் பதுக்கியதோ என்ற சந்தேகம் கிளம்பியது. எங்கள் ஆலைகளிலிருந்து ஒரு கோடி டோஸ் உங்களுக்கு வந்திருக்கிறது, உங்களிடமிருந்து எங்களுக்கு என்ன வந்தது என்று ஐரோப்பா கேட்டது. பிரிட்டன் ஒப்பந்தக் காகிதத்தைக் காட்டியது. ஏப்ரலில் ஐரோப்பா ஆஸ்ட்ராஜெனெகா மேல் வழக்கே போட்டது, செப்டம்பரில்தான் சமரசம்.

இத்தனை பணமும் ஆலையும் உள்ளவர்களே அப்படி அடித்துக்கொண்டபோது, நாம் கேட்டதில் என்ன குறை? மார்ச் கடைசி வாரம் வரைக்கும் இந்தியா சொந்த மக்களுக்குப் போட்டதைவிட அதிகமான டோஸை வெளியே அனுப்பியிருந்தது. ஐ.நா.வில் நம் பிரதிநிதியே அதைச் சொன்னார். இந்த நியாயம் எனக்கு இன்றைக்கும் நியாயமாகத்தான் படுகிறது.

ஆனால் நான் அதைச் சொன்னது பிரிட்டனிடம். அடி விழுந்தது டாக்காவில்.

அதே பையருக்கு டாக்காவுக்குப் பக்கத்தில், வங்கதேசத்தின் காஜிப்பூரில் ஒரு கம்பெனி தைத்துக் கொடுக்கிறது. அங்கே என்னைப் போலவே பையரோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருப்பவரை எனக்குத் தெரியும். பேசிக் டீ-ஷர்ட் அவர்களுக்குப் போகும், எம்ப்ராய்டரி, பிரிண்ட் வேலை உள்ளது எங்களுக்கு வரும். அவர்களுக்கு ஐரோப்பாவில் வரி கிடையாது; அதனால் நம் ஆர்டர் அங்கே போவதாகத் திருப்பூரில் எப்போதும் ஒரு கசப்பு உண்டு. வங்கதேசம் சீரத்தோடு 3 கோடி டோஸுக்கு ஒப்பந்தம் போட்டிருந்தது. விலைக்கு வந்தது 70 லட்சம்தான். இந்தியா நன்கொடையாகக் கொடுத்தது தனி. பிறகு எல்லாம் நின்றது. ஏப்ரல் 26 அன்று அவர்கள் முதல் டோஸ் போடுவதையே நிறுத்தினார்கள். முதல் ஊசி கோவிஷீல்டு போட்டுக்கொண்டு இரண்டாவதுக்கு வழியில்லாமல் நின்றவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். மே 12 அன்று சீனா 5 லட்சம் சினோஃபார்ம் டோஸ் அனுப்பியது. நம் பக்கத்து வீட்டுக்கு நாம் கொடுக்காததை இன்னொரு பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தார் என்று டெல்லியில் கவலைப்பட்டிருப்பார்கள். எனக்கு வந்தது ஒரு வாட்ஸ்அப் செய்தி: "பிப்ரவரியில் உங்கள் நாட்டு ஊசி ஒன்று போட்டுக்கொண்டேன். இரண்டாவது எப்போது வரும் என்று உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" ஒரு பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசருக்கு என்ன தெரியும்? "விரைவில் வரும் என்று நம்புகிறேன்" என்று அனுப்பினேன். பேக்கரியில் ஒருவர், "நம்ம ஆர்டரப் புடுங்கறவனுக்கு நம்ம மருந்து எதுக்குங்க?" என்றார். நான் பேசவில்லை. அவர் சொன்னதும் நான் பையரிடம் சொன்னதும் ஒன்றா என்று அப்போதுதான் முதலில் யோசித்தேன். ஒன்றில்லை என்று முடிவு செய்துகொண்டேன். எப்படி என்று விளக்கச் சொன்னால் திணறியிருப்பேன்.

மே மாதம் இங்கே எப்படி இருந்தது என்று நான் எழுத வேண்டியதில்லை. 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான ஊசியை முதல்வர் ஸ்டாலின் மே 20 அன்று திருப்பூர் நேதாஜி அப்பேரல் பார்க்கில்தான் தொடங்கிவைத்தார். தொடங்கியதற்கும் எல்லோருக்கும் கிடைத்ததற்கும் நடுவே பெரிய இடைவெளி. விடிவதற்கு முன்னால் பள்ளிக்கூட வாசலில் டோக்கனுக்கு நிற்பார்கள். ஒன்பது மணிக்கு ஸ்டாக் இல்லை என்பார்கள். மாநில அரசு உலக டெண்டர் விட்டும் யாரும் வரவில்லை. மற்ற ஊர்களுக்குத் தளர்வு கொடுத்த பிறகும் மேற்கு மாவட்டங்கள் பூட்டியே கிடந்தன.

ஜூனில் எங்கள் முதலாளி ஒரு தனியார் ஆஸ்பத்திரி மூலம் கோவிஷீல்டு ஏற்பாடு செய்தார். டோஸுக்கு 780 ரூபாய், முழுவதும் கம்பெனி செலவு. வந்த டோஸ் இருக்கிற ஆட்களுக்குப் போதாது. பட்டியல் போடும் வேலை என்னிடம் வந்தது. பையர்கள் கேட்கும் தொழிலாளர் விதிகளுக்கான கம்ப்ளையன்ஸ் ஃபைல் எல்லாம் நான்தான் பார்க்கிறேன் என்பதால்.

ஹாஸ்டலில் இருக்கும் ஒடிசா, பீகார் பையன்களையும் பெண்களையும் மேலே எழுதினேன். ஒரே அறையில் பலர் படுக்கிறார்கள், ஒருவருக்கு வந்தால் எல்லோருக்கும் வரும். பள்ளிக்கூட முகாமில் டோக்கன் வாங்க அவர்களுக்கு ஆள் கிடையாது, பாஷை கிடையாது. உள்ளூர்க்காரர்கள் எப்படியாவது கவுன்சிலரைப் பிடித்தாவது போட்டுக்கொள்வார்கள். ஃப்ளோர் மேனேஜர் ஒத்துக்கொள்ளவில்லை. "ரெண்டாவது ஊசிக்கு 84 நாளுங்க. அதுக்குள்ள பாதிப் பேரு ரயிலேறிருவான். அரைகுறையா போட்டு என்னுங்க பிரயோசனம்? நம்மூரு ஆளுக இங்கியேதான் இருப்பாங்க" என்றார். கணக்குப்படி அவர் பேச்சில் குற்றமில்லை. இருந்தும் என் பட்டியலே ஒட்டப்பட்டது.

அடுத்த நாள் செக்கிங் டேபிள் பக்கம் போனபோது அந்த அக்கா பீஸைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். இந்தக் கம்பெனியில் தையல்காரருக்கு உதவியாளான கைமடியாகச் சேர்ந்தவர், எனக்கு முன்பிருந்தே இருக்கிறவர்.

"ஏனுங் சார், வெள்ளக்காரம்மா கேட்டப்ப இங்க பண்றது இங்க இருக்கறவிங்களுக்குத்தான் மொதல்லன்னு சொன்னீங்களாமா?"

"ஆமாங்க்கா."

"அப்ப நாங்கெல்லாம் எந்த ஊருங்க?"

கோபமாகக் கேட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். தெரிந்துகொள்வதற்காகக் கேட்கிற மாதிரி கேட்டார். ஹாஸ்டல், அறை, டோக்கன் என்று என்னிடம் தயாராக இருந்த காரணங்களை எல்லாம் சொன்னேன். "அடுத்த தடவை உங்க பேரு கட்டாயம் வந்துருங்க்கா" என்றும் சொன்னேன். "புரியுதுங்க" என்று பீஸைக் கையில் எடுத்துக்கொண்டார். பையர் சொன்ன அதே சொல். புரிந்துகொள்வதைத் தவிர அவர்கள் இருவருக்கும் என்ன வழி இருந்தது? டாக்காவுக்கு நான் அனுப்பிய "விரைவில்" என்பதற்கும் இந்த "அடுத்த தடவை"க்கும் என்ன வித்தியாசம்?

அக்கா ஜூலையில் பள்ளிக்கூட முகாமில் போட்டுக்கொண்டார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால் என் பட்டியல் சரியாகிவிட்டதா? ஆகியிருந்தால் தவறாகியிருக்குமா? அந்த ஹாஸ்டலில் அதன் பிறகு கொத்தாக யாரும் விழவில்லை. அது ஊசியாலா, அலை இறங்கியதாலா என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை.

ஒருவேளை நான் இரண்டு இடத்திலும் ஒரே அளவுகோலைத்தான் வைத்தேனோ என்றும் சில நாள் தோன்றும். பிரிட்டனில் அப்போது வயதானவர்களில் பெரும்பாலோர் முதல் ஊசி போட்டு முடித்திருந்தார்கள். இங்கே தொடங்கியே இரண்டு மாதம். இல்லாதவருக்கு முதலில் என்பதுதான் என் பேச்சின் உள்ளே இருந்த கணக்கு, "இங்கே இருப்பவர்" என்று வாய் சொல்லிவிட்டது என்று எனக்கு நானே வாதாடுவேன். ஆனால் அன்றைக்கு என் மனதில் இருந்தது அந்தக் கணக்குதான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். நம்முடையது என்ற சூடுதான் அப்போது முன்னால் நின்றது. அந்தச் சூட்டைத்தான் பேக்கரியில் கொண்டாடினார்கள், அக்காவும் அதைத்தான் நம்பினார்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குக் கொஞ்சம் தெளிவு உண்டு. 2021 ஜூன் 21 அன்று இந்தியா ஒரே நாளில் 80 லட்சத்துக்கும் மேல் ஊசி போட்டது. டாக்காவில் பாதியில் நின்றவர்களுக்குத் தேவைப்பட்டது அதில் ஒரு பகுதிதான். புதிய ஆர்டரை நிறுத்தியதை நான் குறை சொல்ல மாட்டேன். தொடங்கிவைத்ததை முடித்துக் கொடுத்திருக்க வேண்டும். அவர்களில் பலருக்கு ஜூலை கடைசியில் ஜப்பான் கொடுத்த ஆஸ்ட்ராஜெனெகாதான் கைகொடுத்தது. காஜிப்பூர் நண்பர் அதற்குப் பிறகுதான் போட்டுக்கொண்டார். அதை என்னிடம் சொன்னபோது குறையாக ஒரு வார்த்தை பேசவில்லை.

இதை ஃப்ளோர் மேனேஜரிடம் சொன்னேன். "அதத்தானுங்க நானும் அன்னைக்குச் சொன்னேன். ரெண்டாவது குடுக்க முடியாதவனுக்கு மொதல்லது போடாதீங்கன்னு" என்றார். அவர் சொன்னபடியே பையன்களில் நிறையப் பேர் 84 நாளுக்குள் ஊருக்குப் போய்விட்டார்கள். எந்த மாநிலத்தில் வேண்டுமானாலும் இரண்டாவது போட்டுக்கொள்ளலாமே, கோவின் சான்றிதழ் கையில் இருக்கிறதே என்றேன். "போட்டானான்னு கேட்டீங்களா?" என்றார். சிலரைக் கேட்டேன். போட்டுக்கொண்டோம் என்றார்கள். மற்றவர்களுடைய நம்பர் மாறிவிட்டது.