கெந்திங்ல சூதாடாத ஏழு பேர்

ஸ்கூல் லீவுக்கு குடும்பமா கெந்திங் போனோம், மலேசியாவுல மலை மேல கேசினோ, ஹோட்டல், தீம் பார்க்னு எல்லாம் இருக்குற இடம். அவானா ஸ்டேஷன்ல கேபிள் கார் ஏறி பாதி தூரம் போறதுக்குள்ள வெளிய ஒரே பனிமூட்டம், ஒண்ணும் தெரியல, சின்னவ கண்ணாடில விரலால பூனை வரைஞ்சிட்டு இருந்தா. சித்தப்பா மட்டும் பாத்திக் சட்டைய இழுத்து விட்டுக்கிட்டு ரெடியா உக்காந்திருந்தார். மேல போனதும் எங்க காணாம போவார்னு எல்லாருக்கும் தெரியும்.

எட்டு பேர்ல கேசினோக்குள்ள போனது அவர் ஒருத்தர்தான். மத்த ஏழு பேரும் ரூம், சாப்பாடு, தீம் பார்க் டிக்கெட்னு வெள்ளியா (ரிங்கிட்ட நாங்க அப்படித்தான் சொல்லுவோம்) கொட்டினோம். மலேசியாவுல லைசென்ஸ் உள்ள ஒரே கேசினோ இதுதான், போட்டியே இல்லாதப்போ ஏன் விடாம பார்க், ஹோட்டல்னு எதையாவது கட்டிக்கிட்டே இருக்காங்கன்னு எனக்கு ரொம்ப நாளா டவுட்டு. முஸ்லிம்கள் உள்ள போகவே கூடாது, அதாவது நாட்டுல பாதிக்கு மேல ஆளுங்க கேசினோக்கு கஸ்டமரே இல்ல, ஆனா மலைக்கு வருவாங்க.

அதுக்கு மேல 2010-ல சிங்கப்பூர்ல ஒரே வருஷத்துல ரெண்டு கேசினோ திறந்துட்டாங்க. அதுல செந்தோசா தீவுல இருக்குறது கெந்திங் குரூப்போடதேதான், அண்ணன் கடைக்கு எதிர்லயே தம்பி கடை போட்ட கதை. சிங்கப்பூர்காரன் கெட்டிக்காரன், வெளிநாட்டுக்காரங்களுக்கு நுழைவு ஃப்ரீ, சொந்த ஜனங்களுக்கும் பிஆருக்கும் (நிரந்தரவாசிங்க) ஒரு நாளைக்கு 100 சிங்கப்பூர் வெள்ளி, 2019-ல அதையும் 150 ஆக்கிட்டான். இன்னொரு கேசினோவான மரினா பே சேண்ட்ஸ்ல சீட்டாட வந்தவங்கள விட மொட்டை மாடி நீச்சல் குளத்த போட்டோ எடுக்க வந்தவங்கதான் ஜாஸ்தின்னு எனக்குத் தோணும்.

கெந்திங்கும் சும்மா இல்ல. 2013-ல பழைய அவுட்டோர் பார்க்க மூடி ஹாலிவுட் சினிமா கம்பெனி ஃபாக்ஸ் பேர்ல புதுசா கட்ட ஆரம்பிச்சாங்க, நடுவுல டிஸ்னி ஃபாக்ஸ வாங்கப் போக, 2018-ல கோர்ட்டு கேஸ்னு இழுத்து, ஒருவழியா 2022-லதான் ஸ்கைவேர்ல்ட்ஸ்னு திறந்தது. மூடினப்போ "எப்பம்மா திறப்பாங்க"ன்னு அழுத பெரியவ இப்போ ரைடு வேணாம், வைஃபை எங்கன்னு கேக்குறா. ஒரு பார்க் எட்டு வருஷத்துக்கு மேல மூடிக் கிடந்தா ஒரு தலைமுறை பிள்ளைங்களே கைவிட்டுப் போயிடும், இத யாரும் கணக்குல எழுத மாட்டாங்க.

ஆனா அந்தக் குளிர் இருக்கே, கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரம், அத சிங்கப்பூர்ல எவனாலயும் கட்ட முடியாது. கப் மேகிய ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டு நின்னப்போ அதான் நெனச்சேன்.

ராத்திரி ஒன்பது மணிக்கு சித்தப்பா வந்தார். எவ்வளவுன்னு யாரும் கேக்கல. "பசிக்குதும்மா, அம்பது வெள்ளி இருக்கா?"ன்னார்.