பழைய எம்.எக்ஸ்-5 வாங்கினேன்: மைலேஜில் தொடங்கி துருவில் முடிந்த கணக்கு

இரண்டே இருக்கை, மடக்கிவிடக்கூடிய துணிக்கூரை, பின் சக்கரம் இழுக்கிற வண்டி. பல வருஷத்து ஆசை இது. 2025 தொடக்கத்தில் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் தேட ஆரம்பித்தேன். வீட்டில் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுத்து ஓட்டிவிட்டு மூடி வைக்கிற வண்டியாக இருக்கக் கூடாது, வாரத்தில் மூன்று நாள் தெற்கு லண்டன் க்ராய்டனிலிருந்து க்ராலிக்கு வேலைக்குப் போய்வரவும் அதுவே ஆக வேண்டும். அதுவரை ஈஸ்ட் க்ராய்டனில் ரயில் ஏறிப் போய்க்கொண்டிருந்தேன். போக வர 40 மைல், வருஷத்துக்கு 46 வாரம், அப்புறம் வார இறுதியில் சர்ரே, சஸெக்ஸ் பக்கம் சுற்றுவது, எல்லாம் சேர்த்து 7,000 மைல் என்று வைத்துக்கொண்டேன். அவ்வளவு ஓட்டம் என்றால் முதலில் பார்க்க வேண்டியது மைலேஜ்தான் என்று அப்போது உறுதியாக நம்பினேன்.

இங்கே பிரிட்டனில் பெட்ரோலை லிட்டரில் விற்பார்கள், மைலேஜை மட்டும் கேலனுக்கு இத்தனை மைல் என்று சொல்வார்கள். அந்தக் கேலன் 4.546 லிட்டர். அமெரிக்கக் கேலன் அதைவிடச் சின்னது, 3.785 லிட்டர், அதனால் அமெரிக்கக்காரர்கள் சொல்கிற எண்ணையும் இங்கே சொல்கிற எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தப்பாகத்தான் போகும். நம் ஊர்க் கணக்கில் வேண்டும் என்றால் இங்கத்து எண்ணை 0.354-ஆல் பெருக்குங்கள், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும். கேலனுக்கு 40 மைல் என்றால் லிட்டருக்கு 14 கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

தேடிய வண்டி மாஸ்டா எம்.எக்ஸ்-5. 1989-ல் சிகாகோ கண்காட்சியில் வெளிவந்தது, இதுவரை நான்கு தலைமுறை. என் பட்ஜெட்டுக்கு மூன்றாவது தலைமுறை (2005 முதல் 2015 வரை) தாராளமாகக் கிடைத்தது. கடன் வாங்கி நீட்டினால் 2015-க்குப் பிறகு வந்த நான்காவது தலைமுறையும் எட்டும். நான்காவதில் 1.5 லிட்டர் எஞ்சின் உண்டு, வண்டியின் எடையும் நன்றாகக் குறைந்தது. அதற்குக் கம்பெனி காட்டிய மைலேஜ் கேலனுக்கு 47.1 மைல். மூன்றாவதில் 2009 மாற்றத்துக்குப் பின் வந்த 1.8 லிட்டர் எஞ்சினுக்கு 40.4. இரண்டுமே பழைய ஐரோப்பியச் சோதனை முறையில் ஆய்வுக்கூடத்தில் எடுத்த எண்கள். சாலையில் அவ்வளவு வராது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம், அதனால்தான் 2017-லிருந்து சோதனை முறையையே மாற்றினார்கள். நான் 1.5-க்கு 42, 1.8-க்கு 36 என்று இறக்கி வைத்துக்கொண்டேன்.

சரி, கணக்கு போடலாம். பெட்ரோல் லிட்டர் 1.35 பவுண்டு என்று வைத்தால், 7,000 மைலுக்கு 42 மைலேஜில் 758 லிட்டர், 1,023 பவுண்டு. 36 மைலேஜில் 884 லிட்டர், 1,193 பவுண்டு. வித்தியாசம் வருஷத்துக்கு 170 பவுண்டு. வண்டி விலையில் வித்தியாசம் 5,600 பவுண்டு! இதைத் தாளில் எழுதிப் பார்த்த அன்று இரவுதான் நான் தேடுகிற முறையே தப்பு என்று புரிந்தது. ஒரே வகை வண்டிகளுக்குள் தேர்ந்தெடுக்கும்போது பெட்ரோல் செலவு பெரிதாக விலகுவதில்லை. விலகுவது வேறு இடங்களில்.

முதல் இடம் சாலை வரி. இதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஒரே தெருவில் நிற்கும் ஒரே மாதிரி இரண்டு வண்டிகளுக்கு வரி வேறு வேறாக இருக்கும். 2001 மார்ச் 1 முதல் 2017 மார்ச் 31 வரை பதிவான வண்டிகளுக்கு வரி, ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை கிராம் கார்பன் டை ஆக்சைடு விடுகிறது என்பதை வைத்து. 2017 ஏப்ரல் 1-க்குப் பிறகு பதிவான சாதாரண பெட்ரோல் வண்டிகளுக்கு, முதல் வருஷம் கழிந்தபின், ஒரே தொகை. 2025 ஏப்ரலில் தொடங்கிய வருஷத்துக்கு அது 195 பவுண்டாக இருந்தது; இங்கே சொல்லும் வரித் தொகைகள் எல்லாம் அந்த வருஷத்தவை. இப்போது நான்காவது தலைமுறை 2.0 வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள், 161 கிராம். அது 2017 மார்ச்சில் பதிவாகியிருந்தால் வருஷம் 265 பவுண்டு, ஏப்ரலில் பதிவாகியிருந்தால் 195. ஒரே வண்டி, ஒரே நிறம், ஒரு மாதம்தான் இடைவெளி. நான் பார்த்த மூன்றாவது தலைமுறை வண்டிகளில் 2.0 ஒன்றின் பதிவுப் பத்திரத்தில் 193 கிராம் என்று இருந்தது, அதற்கு 395 பவுண்டு. 2009-க்குப் பிந்தைய 1.8-க்கு 167 கிராம், 315 பவுண்டு.

இதைவிடக் கடுமையானது இன்னொரு தேதி: 2006 மார்ச் 23. கிலோமீட்டருக்கு 225 கிராமுக்கு மேல் விடுகிற வண்டி அதற்கு முன் பதிவாகியிருந்தால் 430-ல் நின்றுவிடும், அன்றோ அதற்குப் பிறகோ பதிவாகியிருந்தால் 735, இன்னும் அதிகம் விட்டால் 760. ஹோண்டா எஸ்2000 என்ற அருமையான வண்டி இந்தக் கோட்டின் இரண்டு பக்கத்திலும் விற்பனைக்கு வரும். நிமிஷத்துக்கு 9,000 சுற்று வரை பாடுகிற அந்த எஞ்சின் மேல் எனக்கு நிஜமாகவே காதல் உண்டு. இருந்தாலும் வருஷா வருஷம் 300 பவுண்டு கூடுதலாகக் கட்டும் வண்டி எது, கட்டாத வண்டி எது என்று விளம்பரத்தில் யாரும் எழுதுவதில்லை. பதிவெண்ணைப் போட்டு அரசு தளத்தில் நீங்களேதான் பார்க்க வேண்டும். இன்னொன்று, வண்டி கைமாறும்போது பழையவர் கட்டிய வரி உங்களுக்கு வராது, ஓட்டி வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு முன்பே நீங்கள் கட்டியாக வேண்டும். மாதத் தவணையில் கட்டினால் 5 சதவீதம் கூடும்.

லண்டன்காரர்களுக்கு இதோடு யூலெஸ், அதாவது புகைத் தரத்தில் தேறாத வண்டியை ஓட்டினால் கட்டணம் வாங்கும் மண்டலம். 2023 ஆகஸ்ட் 29-லிருந்து லண்டனின் எல்லா பரோக்களும் (நகரின் நிர்வாகப் பகுதிகள்), க்ராய்டனும் சேர்த்து, உள்ளே வந்துவிட்டன. பெட்ரோல் வண்டி யூரோ 4 என்ற புகைத் தரத்தில் இல்லையென்றால் நாளுக்கு 12.50 பவுண்டு. 2006-க்கு முந்தைய எந்த வண்டியைப் பார்த்தாலும் முதல் வேலையாகப் பதிவெண்ணைப் போட்டுச் சரிபாருங்கள்.

இன்சூரன்ஸ் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1.8-க்கு 640 பவுண்டு கேட்டார்கள், நான்காவது தலைமுறை 1.5-க்கு 780, பி.எம்.டபிள்யூ இஸட்4 3.0-க்கு ஆயிரத்தைத் தாண்டியது. என் நோ-க்ளெயிம் போனஸ் (இழப்பீடு கேட்காததற்குக் கிடைக்கும் தள்ளுபடி) குடும்ப வண்டியில் மாட்டிக்கொண்டிருக்கிறது, ஒரே நேரத்தில் இரண்டு வண்டிக்கு அது உதவாது. மனைவி பெயரை இரண்டாவது ஓட்டுநராகச் சேர்த்ததும் தொகை இறங்கியது, இதைச் செய்ய மறக்காதீர்கள்.

அடுத்தது துரு. மிட்சமில் எங்கள் வண்டிகளைப் பார்க்கும் யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவர் இருக்கிறார். நான் மைலேஜ் அட்டவணையைக் காட்டினேன். அவர் அதைக் கையில்கூட வாங்கவில்லை. "தம்பி, பெட்ரோல் காசு பிறகு பாப்பம். முதல்ல வண்டிக்குக் கீழ குனிஞ்சு பாருங்கோ" என்றார்.

குளிர்காலத்தில் இங்கே சாலையில் உப்புத் தூவுவார்கள், அது அடிப்பாகத்தைத் தின்றுவிடும். எம்.எக்ஸ்-5-க்கு இதற்கு மேல் இன்னொரு பலவீனம் உண்டு. துணிக்கூரையில் விழும் மழைநீர் இருக்கைக்குப் பின்னால் இருக்கும் வடிகால் துளைகள் வழியாகக் கீழே போக வேண்டும். மரத்தடியில் நிறுத்தி நிறுத்தி அதில் இலைச்சருகு அடைத்துக்கொண்டால் தண்ணீர் தேங்கி, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பகுதியை, இங்கே சில் என்பார்கள், உள்ளிருந்து அரிக்கும். வெளியே பெயின்ட் குமிழ் விடும்போது உள்ளே ஏற்கெனவே ஓட்டை விழுந்திருக்கும். பின் சக்கர வளைவுக்கு முன்னால் விரலால் அழுத்திப் பாருங்கள், முதலில் போவது அந்த இடம்தான்.

கென்ட் பக்கம் ஒரு வியாபாரியிடம் பார்த்த வண்டி வெளியே கண்ணாடி மாதிரி இருந்தது. கீழே குனிந்தால் புதிதாக அடித்த கறுப்புப் பூச்சு, அப்போதுதான் காய்ந்த வாசனை. அங்கேயே நின்று போனில் எம்.ஓ.டி. என்கிற வருஷாந்திரத் தகுதிச் சோதனையின் பழைய வரலாற்றைத் திறந்தேன். இது அரசு தளத்தில் இலவசம், பதிவெண் மட்டும் போதும், ஒவ்வொரு வருஷமும் எதில் தேறியது, எதில் தவறியது, ஓடிய மைல் எவ்வளவு என்று எல்லாம் இருக்கும். 2022-லும் 2023-லும் அடிப்பாகத்தில் அரிப்பு என்று எச்சரிக்கை, அடுத்த வருஷம் ஒன்றுமே இல்லை. வெல்டிங் செய்த பில் இருக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றார். பூச்சுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அவரும் காட்டவில்லை, நானும் மேலே பேசவில்லை. 4,200 பவுண்டுக்குக் கிடைத்திருக்கும், மனசு கேட்காமல்தான் திரும்பி வந்தேன்.

கடைசியில் ஹார்ஷம் பக்கம், ஓய்வு பெற்ற ஒருவரிடம் 2010-ல் பதிவான 1.8, ஐந்து கியர், துணிக்கூரை, 61,000 மைல், 4,900 பவுண்டு. அவர் வீட்டு கராஜில் நின்ற வண்டி. ஒரு தடித்த கோப்பு நிறைய பில்கள், வடிகால் சுத்தம் செய்த தேதிகூடப் பென்சிலில் எழுதி வைத்திருந்தார். அண்ணாவை அழைத்துப்போய் ஜாக்கியில் தூக்கிப் பார்த்தோம். பின்பக்கத்தில் மேலோட்டமான துரு, சில் இரண்டும் உறுதி. டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தோம், எண்ணெய் மேல் கோட்டில் இருந்தது. இந்த எஞ்சினில் டைமிங் பெல்ட் இல்லை, செயின்தான், அதனால் முந்தைய தலைமுறைகளுக்கு வருவது போல் பெல்ட் மாற்றும் செலவு வராது. வாங்கிவிட்டேன்.

வாங்கிய நாளிலிருந்து ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் டேங்க் நிரம்ப அடிப்பது, அடித்த லிட்டரையும் ஓடிய மைலையும் எழுதுவது, அவ்வளவுதான் வேலை. முதல் ஆறு டேங்க் 35-க்கும் 37-க்கும் நடுவில் வந்தது. ஏழாவது 33. எட்டாவது 31. அதே சாலை, அதே வேகம், எம்23 நெடுஞ்சாலையில் மணிக்கு 70 மைலைத் தாண்டுவதில்லை. டயரில் காற்று பார்த்தேன், சரியாக இருந்தது. ஒரு நாள் வேலையிலிருந்து வந்து இறங்கியபோது இடது பின் சக்கரத்துப் பக்கம் கருகின வாசனை, கையைக் கிட்டக் கொண்டுபோனாலே அனல், மற்ற மூன்றும் வெதுவெதுப்பாக இருந்தன. பின் பிரேக் காலிப்பர், அதாவது டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பகுதி, இறுகிப் போயிருக்கிறது, காலை எடுத்த பிறகும் பிரேக் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. இந்த வண்டிகளில் அடிக்கடி வருகிற தொல்லைதான் இது. இரண்டு பக்கமும் பழுதுபார்த்த காலிப்பர் போட, கூலியோடு 310 பவுண்டு. அடுத்த டேங்க் 36. நோட்டு இல்லாமல் இருந்திருந்தால் டிஸ்க் வெந்து பேரிங்கும் போகும் வரை ஓட்டியிருப்பேன். மைலேஜ் பார்ப்பதை வண்டி தேர்ந்தெடுக்கும்போது பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்றுதான் சொல்கிறேன், ஆனால் வாங்கிய பிறகு விடாமல் பாருங்கள், உடம்புக்குக் காய்ச்சல் பார்ப்பது போல அது.

நாலு டயரும் நல்லதாக மாற்றி 360 ஆனது, நாலு சக்கரமும் அலைன்மென்ட் செய்ய 90. மூன்றாவது தலைமுறைக்கு அலைன்மென்ட் கொஞ்சம் விலகினாலும் வண்டி நேராக நிற்காது, டயரும் உள்பக்கம் தேயும், இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். குளிர் தொடங்குவதற்கு முன் அடிப்பாகத்தைக் கழுவிக் காயவைத்து மெழுகுப் பூச்சு அடிக்க 320. எண்ணெய், ஃபில்டர் சர்வீஸ் 190. நவம்பரில் எம்.ஓ.டி. 50, ஒரே ஒரு எச்சரிக்கையோடு தேறியது.

பத்து மாதத்தில் 5,900 மைல் ஓடியிருக்கிறது, பெட்ரோலுக்கு 1,020 பவுண்டு. வரி, இன்சூரன்ஸ், மேலே சொன்னதெல்லாம் சேர்த்து 2,275. ஆகப் பெட்ரோல் மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. காலிப்பரும் டயரும் அடிக்கடி வராது, இரண்டாவது வருஷம் இது இறங்கும் என்று நினைக்கிறேன். நான்காவது தலைமுறை 1.5 வாங்கியிருந்தால் பெட்ரோலிலும் வரியிலும் வருஷம் 290 பவுண்டு மிஞ்சியிருக்கும், அது உண்மை. விற்கும்போது நல்ல விலையும் வரும். கையில் 10,500 ரொக்கமாக இருப்பவர் அதையே வாங்கலாம், இன்னும் இலகுவான, இன்னும் நல்ல வண்டி. கடன் வாங்கி அதை எட்டப் பார்க்கிறவர், மைலேஜில் மிஞ்சுகிற 170 பவுண்டைக் காரணமாகச் சொல்லி வாங்க வேண்டாம், வட்டியே அதைத் தின்றுவிடும்.

கூரையைத் திறந்து ஓட்டினால் மைலேஜ் குறையுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். காற்று உள்ளே சுழன்று இழுக்கும், நெடுஞ்சாலை வேகத்தில் குறையத்தான் செய்யும். ஜூலையில் இரண்டு டேங்க் முழுக்கத் திறந்தே ஓட்டினேன், 34 வந்தது. மூடி ஓட்டினால் 36. அந்த இரண்டு மைல் பெட்ரோலை நான் மனதாரக் கொடுக்கிறேன், ரைகேட் மேட்டிலிருந்து சாயங்காலம் இறங்கும்போது வெட்டின புல்வாசனை வண்டிக்குள்ளே வருகிறது.