முதல் கைத்துப்பாக்கி: சிறிய தோட்டா, நல்ல ட்ரிகர்

குறிசுடுதல் பழக வருகிறவர்கள் பலரும் முதலில் விசாரிப்பது 9 எம்எம் பிஸ்டலைத்தான். நான் அழுத்திச் சொல்வது, .22 எல்.ஆர். (லாங் ரைஃபிள்) என்ற சிறிய தோட்டாவைச் சுடும் பிஸ்டலில் தொடங்குங்கள். 9 எம்எம் தோட்டாவின் ஆற்றல் இதைவிட ஏறத்தாழ மூன்று நான்கு மடங்கு. உதைப்பும் சத்தமும் பெரிதாக இருந்தால், வெடிப்பதற்கு ஒரு கணம் முன்பே கை தானாக இறுகி, குழல்முனையைக் கீழே அமுக்கிவிடும். வலதுகைக்காரருக்கு டார்கெட்டில் ஓட்டைகள் இடதுபக்கம் கீழே விழ இதுவே பெரும்பாலும் காரணம். இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் எளிதில் விடாது.

உங்களுக்கு அது இருக்கிறதா என்று பார்க்க, ரேஞ்சில் துணைக்கு நிற்பவரிடம் மேகஸினை (தோட்டாக் கூட்டை) கொடுத்து, தோட்டாக்களுக்கு நடுவே உங்களுக்குத் தெரியாமல் ஓரிரு டம்மிகளை (வெடிக்காத போலித் தோட்டாக்களை) கலந்து போடச் சொல்லுங்கள். டம்மி வரும்போது 'க்ளிக்' என்ற ஒலி மட்டும்தான். அப்போது முன் சைட் (குழல்முனையில் இருக்கும் குறிமுனை) அசையாமல் நின்றால் நல்லது. குபுக்கென்று கீழே குத்தினால், உதைப்பு வருமுன்பே கை அதனோடு மல்லுக்கட்டுகிறது என்று பொருள்.

கடையில் எதைக் கையில் எடுத்தாலும் மேகஸினைக் கழற்றி, ஸ்லைடையோ போல்ட்டையோ (பின்னால் நகரும் மேல்பகுதியை) பின்னிழுத்து, தோட்டா உட்காரும் அறை காலியா என்று கண்ணால் பாருங்கள். விரல் ட்ரிகருக்கு வெளியே, முனை யாரையும் நோக்காமல். பிறகு பிடித்துப் பாருங்கள். குழல் முன்கை எலும்போடு ஒரே கோட்டில் வர வேண்டும். ஆள்காட்டி விரலின் நுனிச் சதை ட்ரிகரில் படிய வேண்டும். விரல் எட்டாமல் பிடியைத் திருப்பிப் பிடிக்க நேர்ந்தால் அந்தத் துப்பாக்கி உங்களுக்கானது அல்ல. கண்ணை மூடி, பாதுகாப்பான திசையில் கையை உயர்த்தி, கண் திறக்கும்போது முன் சைட் பின் சைட்டின் பள்ளத்துக்குள்ளோ அருகிலோ இருந்தால் பிடி பொருந்துகிறது.

கச்சிதமாக இருக்கிறதே என்று குட்டைக் குழல் வாங்காதீர்கள். இரண்டு சைட்டுகளுக்கும் இடையே 150 மி.மீ. இருந்து, வரிசை அரை மில்லிமீட்டர் பிசகினால் 25 மீட்டரில் குறி சுமார் 83 மி.மீ. தள்ளிப்போகும். அதே பிசகு 250 மி.மீ. இடைவெளியில் 50 மி.மீ. தான். 25 மீட்டர் பிரிசிஷன் டார்கெட்டில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 50 மி.மீ. என்பதை நினைத்துப் பாருங்கள். ஐந்தரை அங்குலக் குழல், ஒரு கிலோவை ஒட்டிய எடை, திருகித் திருத்தக்கூடிய பின் சைட்: இவை போதும். ஓட்டை எந்தப் பக்கம் நகர வேண்டுமோ, அந்தப் பக்கமே பின் சைட்டை நகர்த்த வேண்டும்.

ட்ரிகரில் மட்டும் சமரசம் வேண்டாம். ரிவால்வரை, சுத்தியலைக் கையால் பின்னிழுக்காமல் ட்ரிகராலேயே பின்தள்ளிச் சுடும் டபுள் ஆக்‌ஷனில் இழுக்க நாலரை, ஐந்து கிலோ அழுத்தம் தேவைப்படலாம்; அந்த இழுப்பிலேயே குறி ஆடிவிடும். சுத்தியல் முன்பே பின்னுக்குப் பூட்டியிருக்கும் சிங்கிள் ஆக்‌ஷனில் ஒன்றரை கிலோவை ஒட்டி, கரகரப்பின்றி சட்டென விடுபடுவதே புதியவருக்கு ஏற்றது. ரூகர் மார்க் 4, பிரௌனிங் பக் மார்க் இரண்டும் இந்த வகையில் நம்பகமானவை. 2016இல் வந்த மார்க் 4, ஒரு பொத்தானில் பிரிந்துவிடும்; அதன் முந்தைய தலைமுறைகளைத் துடைத்து மறுபடி பூட்டுவது பெரிய பாடு.

வாங்கியதும் மூன்று நான்கு வகைத் தோட்டாக்களைச் சிறு பெட்டிகளாக எடுத்துச் சோதியுங்கள். ஒவ்வொரு .22-க்கும் ஒன்று ஒத்துப்போகும், இன்னொன்று அடிக்கடி சிக்கும். ரிம்ஃபயரில் (.22 போல, ஊசி விளிம்பில் அடித்து வெடிக்கும் தோட்டாவில்) வெடிக்காத தோட்டா வருவது சகஜம்; உடனே திறக்காமல், முனையை டார்கெட் நோக்கியே வைத்து முப்பது விநாடி பொறுங்கள். சத்தம் வழக்கத்தைவிட மந்தமாகக் கேட்டால் நிறுத்திவிடுங்கள்: குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழலே பிளக்கக்கூடும். தோட்டா இல்லாமல் ட்ரிகரை இழுத்துப் பழகும் வெற்று ட்ரிகர் பயிற்சி செய்யுமுன் கையேட்டைப் பாருங்கள். பல ரிம்ஃபயர் துப்பாக்கிகளில் ஊசி அறையின் விளிம்பில் மோதித் தழும்பாக்கும்.

.22-இன் சத்தம் சிறிதாகத் தோன்றினாலும் காதைக் கெடுக்கும். காதுக்கவசம், கண்ணாடி இரண்டும் கட்டாயம். ஈயத் துகள் ஒட்டியிருக்கும் என்பதால், ரேஞ்சை விட்டுக் கிளம்புமுன் சோப்பும் குளிர்ந்த நீரும் கொண்டு கையையும் முகத்தையும் கழுவிவிட்டே எதையும் சாப்பிடுங்கள்.