மாடித் தொட்டியில் கறிவேப்பிலை

சென்னை வெயிலில் மொட்டை மாடித் தொட்டிக்குச் செடி தேர்ந்தெடுப்பவர்கள் பூவின் அழகைவிட வேரின் போக்கையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. கீரைக்கு அரையடி ஆழம் போதும். கறிவேப்பிலைக்கு ஒன்றரை அடியாவது தேவை. செம்மண், தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம் ஆகியவற்றைச் சம அளவில் கலந்து நிரப்பினால் மாடிக்குப் பாரம் குறைவதோடு நீரும் தேங்காது. கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி (விலை மலிவுதான், இருந்தாலும்) சித்திரை வெயிலில் வேரையே வேகவைத்துவிடும் என்பதால் மண்தொட்டியையே நான் விரும்புகிறேன். அதன் சுவர் வழியே நீர் கசிந்து ஆவியாவதால் உள்ளிருக்கும் மண் அவ்வளவாகச் சூடேறுவதில்லை. விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டுப் பார்த்து, ஈரம் தட்டுப்படாவிட்டால் மட்டும், அடித்துளையில் நீர் வடியும்வரை காலையில் ஊற்ற வேண்டும். நுனிகளை அவ்வப்போது கிள்ளிவந்தால் கறிவேப்பிலை பக்கக்கிளைகள் விட்டு அடர்ந்து வளரும். பூங்கொத்துகளையும் கிள்ளிவிடலாம், இலைதானே நமக்கு வேண்டும்.