தலைக்கட்டு வரியும் பத்தாயிரம் ரூபாயும்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தப்பா மஞ்சள் பையோடு வீட்டுக்கு வந்தார். பைக்குள் ஆதார் நகல், ரேஷன் கார்டு, நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அட்டை, இரண்டு போட்டோ, அப்புறம் பழைய துண்டில் சுற்றிய ஒரு புஜக்கட்டை, தெருக்கூத்து வேடத்துக்குத் தோளில் கட்டுவது. இதை எதற்கு எடுத்து வந்தீர்கள் என்று கேட்டேன். "அப்ளிகேஷன்ல என்னா வேணும்னு எழுதணும் இல்ல, நீயே பாத்துட்டு எழுதும்மா" என்றார்.

துண்டைப் பிரித்துக் கையில் வாங்கிப் பார்த்தேன். கல்யாண முருங்கை மரத்தில் செய்தது, அதனால் பார்க்கப் பெரிதாக இருந்தாலும் தக்கை மாதிரி கனமே இல்லை. கண்ணாடிச் சில்லுகளில் பாதி உதிர்ந்துவிட்டது, உதிர்ந்த இடத்தில் ஜிகினாத் தாளை வெட்டி ஒட்டியிருக்கிறார். ஓரத்தில் ஒரு விரிசல், அதைச் செப்புக் கம்பியால் இழுத்துக் கட்டியிருக்கிறது. தோளில் கட்டும் கயிறு வியர்வையும் அரிதாரமும் ஊறிக் கறுத்துப்போயிருந்தது. இதைக் கட்டிக்கொண்டுதான் அவர் செய்யாறு, வந்தவாசிப் பக்கம் எத்தனையோ ஊர்களில் விடிய விடிய துரியோதனனாக நின்றிருக்கிறார்.

நாங்கள் நிரப்ப உட்கார்ந்தது இயல் இசை நாடக மன்றத்தின் உதவித்தொகைக்கான விண்ணப்பம். கிராமியக் கலைஞர்கள் இசைக்கருவியோ ஆடை அணிகலனோ வாங்கிக்கொள்ள ஆளுக்கு 10,000 ரூபாய், ஆண்டுக்கு 500 பேருக்கு. நல்ல திட்டம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இதைத் தவிர நலிந்த நிலையில் இருக்கும் வயதான கலைஞர்களுக்கு மாதம் 3,000 ரூபாய் இருக்கிறது. மாவட்டக் கலை மன்றம் வயதுவாரியாக இளமணி, வளர்மணி, சுடர்மணி, நன்மணி, முதுமணி என்று ஐந்து விருது கொடுக்கிறது, 4,000 ரூபாயில் தொடங்கி 20,000 வரைக்கும். எல்லாம் வேண்டியதுதான். ஆனால் இவை அத்தனையும் ஒரு தனி மனிதர் பேரில் வருகிறவை. கூத்து தனி மனிதர் செய்கிற காரியம் இல்லை. ஒரு ஜமா என்றால் வேடம் கட்டுகிறவர்கள், ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளம், பின்பாட்டு என்று பன்னிரண்டு பதினைந்து பேர். அதில் ஒருவருக்குப் புதுக் கிரீடம் வந்துவிட்டது, சரி, அந்தக் கிரீடத்தை வைத்துக்கொண்டு ஆட ஊர் எங்கே இருக்கிறது? உங்கள் ஊரில் இந்த வருஷம் கூத்து நடந்ததா என்று கேட்கிற திட்டம் ஒன்று வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

அதை இதுவரை கேட்டுக்கொண்டிருந்தது ஊர்தான். திரௌபதி அம்மன் கோயில் பாரதத்துக்குத் தேதி குறித்ததும் தலைக்கட்டு வரி போடுவார்கள், குடும்பத்துக்கு இவ்வளவு என்று. கூத்து வாத்தியாரைக் கூப்பிட்டு வெற்றிலை பாக்கு முன்பணம் கொடுப்பார்கள். பகலில் பிரசங்கம், ராத்திரியில் கூத்து, அர்ச்சுனன் தபசு, கடைசியில் துரியோதனன் விழும் படுகளம், தீமிதி. பாதிக் கூத்தில் கோமாளியான கட்டியங்காரன் ஆட்டத்தை நிறுத்தி, இன்னார் இவ்வளவு ரூபாய் அன்பளிப்பு என்று பேர் சொல்லி வாழ்த்துவான். சின்ன வயதில் எங்கள் அப்பா பேரைச் சொன்ன ராத்திரி நான் தூங்கவே இல்லை. ஒரு ஊர் தன் கலைக்குத் தானே மானியம் கொடுத்துக்கொள்கிற ஏற்பாடு இது, எந்த அரசாணையும் இல்லாமல் நடந்தது.

இப்போது பாதித் தலைக்கட்டு ஊரில் இல்லை. பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளில் ஷிப்டில் இருக்கிறார்கள், பண்டிகைக்கு வந்தால் உண்டு. வரி வசூல் இளைத்துவிட்டது, எங்கள் ஊரில் கூத்து ராத்திரிகளும் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வருகின்றன.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தலைக்கட்டு வரி என்றால் எல்லாத் தெருவும் அதில் சேர்ந்துவிடாது. யாரிடம் வரி வாங்குவது, யாரை முன்னால் உட்கார வைப்பது என்பதெல்லாம் ஊருக்குள் எப்படி முடிவாகிறது என்று கிராமத்தில் வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். ஊராட்சிப் பணம் அப்படி இருக்க முடியாது. அது எல்லாத் தெருவின் பணம், அதில் நடக்கிற கூத்தை எல்லோரும் சமமாக உட்கார்ந்து பார்த்தாக வேண்டும். உள்ளாட்சி இதற்குள் வர வேண்டும் என்று நான் ஆசைப்படுவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

வரக்கூடாது என்று சட்டமும் சொல்லவில்லை. 1992-இல் நிறைவேறிய 73-ஆவது திருத்தம் அரசமைப்பில் பதினொன்றாம் அட்டவணையைச் சேர்த்தது. ஊராட்சிகளுக்குக் கொடுக்கக்கூடிய 29 பொருள்கள் அதில் இருக்கின்றன, 21-ஆவது பண்பாட்டு நடவடிக்கைகள். நகராட்சிகளுக்கான பன்னிரண்டாம் அட்டவணையிலும் பண்பாடு இருக்கிறது. பணம்? 2021 முதல் 2026 வரைக்கான பதினைந்தாவது நிதி ஆணையம் கிராம உள்ளாட்சிகளுக்குக் கொடுத்த மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிவிட்டது. மீதி 40 சதவீதத்தைச் சம்பளம், நிர்வாகச் செலவு தவிர, அந்த 29 பொருள்களில் ஊருக்கு எது தேவையோ அதற்குச் செலவழிக்கலாம் என்று விட்டிருந்தது. அதாவது வழி இருக்கிறது. ஆனால் தெருவிளக்கும் சாலையும் வாய் விட்டுக் கேட்கின்றன, கூத்துக்காகக் கேட்க ஆள் இல்லை. கேரளத்தில் வைர விழா ஃபெல்லோஷிப் என்று இளம் கலைஞர்களுக்கு மாத உதவித்தொகை கொடுக்கிறார்கள், கலாசாரத் துறையும் உள்ளாட்சி அமைப்புகளும் சேர்ந்து நடத்துவது. உதவித்தொகை வாங்குகிறவர் அந்த உள்ளாட்சிக்குள் மக்களுக்குக் கலையைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பக்கத்து மாநிலத்தில் நடக்கிறதே, நம்மால் ஏன் முடியாது?

கோயில் விழாவுக்கு ஊராட்சிப் பணமா என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. திருவிழாவுக்கு வேண்டாம். பள்ளி விடுமுறையில் ஒரு மாதம் வாத்தியாரை வைத்து ஊர்ப் பிள்ளைகளுக்கு அடவும் பாட்டும் சொல்லிக்கொடுக்கலாம், பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்து. காஞ்சிபுரம் பக்கத்துப் புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துச் சங்கம் நடத்திய குருகுலத்தில் பெண் பிள்ளைகள் வேடம் கட்டி ஆடினார்கள், 2020-இல் அது மூடப்பட்டது. பயிற்சி முடிகிற அன்று பொது இடத்தில் ஒரு ராத்திரிக் கூத்து, ஜமாவுக்கு முறையான சம்பளத்தோடு. வேடம் கட்ட ஒரு மறைப்பான இடமும், விடிய விடிய உட்கார்ந்திருக்கிற பெண்களுக்கு ஒரு கழிப்பறையும் வேண்டும். கழிப்பறையைச் சுகாதாரத்துக்கென்று ஒதுக்குகிற பணத்திலேயே கேட்கலாமே. இதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். நவம்பர் 1 கிராம சபையில் மனுவாகக் கொடுக்கப் போகிறேன், பத்துப் பேர் கையெழுத்தாவது வாங்கிவிட்டுத்தான் போவேன். உங்கள் ஊரிலும் ஜமா இருந்தால், அல்லது கரகமோ தோல்பாவையோ இருந்தால், நீங்களும் கொடுங்கள்.

சித்தப்பாவின் விண்ணப்பத்தில் 'தேவைப்படும் பொருள்' என்ற இடம் வந்ததும் நான் புஜக்கட்டை, கிரீடம் என்று எழுதத் தொடங்கினேன். கையைப் பிடித்து நிறுத்தினார். ஜமாவின் ஆர்மோனியத்தில் இரண்டு ரீடு பேசுவதே இல்லையாம், அதை எழுதச் சொன்னார். பத்தாயிரத்துக்கு நல்ல ஆர்மோனியம் வராதே என்றேன், மீதியை எல்லோரும் போட்டுக்கொள்வோம் என்றார். "உங்க பேர்ல வர்ற பணம் சித்தப்பா."

"எம் பேர்ல வந்தா என்னாம்மா, ஜமாப் பெட்டியிலதான இருக்கப்போவுது. கட்டைய நான் ஒட்டிக்கிறேன்."

ஆர்மோனியம் என்றே எழுதினேன்.